வராந்தாவிலிருந்து எண்ணிய கொடிகள்

பதின்மூன்றாம் குழியை நோக்கி யூனிஸ் ஹாலன்பெக் அடித்த கோல்ஃப் பந்து, நேராகப் போய் அவள் கணவர் மேல் மோதியது.

கணவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. பந்து மோதியது அவர் நினைவாக நட்ட மேப்பிள் மரத்தில். ஆனாலும் வெதர்லி கன்ட்ரி கிளப்பில் யாரும் அதை மரம் என்று சொல்வதில்லை. "பந்து வெர்னன் மேல பட்டுடுச்சு" என்பார்கள். "வெர்னனுக்கு இடது பக்கமா அடி" என்பார்கள்.

"நகருய்யா வெர்னன்!" என்று யூனிஸ் மட்டையை உயர்த்திக் கத்தினாள். "எத்தனை தடவை சொல்றது? நான் அடிக்கும்போது குறுக்கே நிக்காதே!"

பின்னால் அவள் தோழி ஆர்டித், மட்டைப் பை வைத்த தன் கைவண்டியில் சாய்ந்து நின்று சிரித்தாள். இருவரும் முப்பது வருடமாகச் செவ்வாய்க்கிழமை காலைகளில் சேர்ந்து விளையாடுபவர்கள்.

"பாவம்டி அந்த மனுஷன். செத்தும் உன்கிட்ட திட்டு வாங்கறாரு."

"நான் திட்டாம வேற யார் திட்டுவா? பந்து எங்க போச்சு, பாத்தியா?"

"அவர் கால்கிட்டதான் கிடக்கு. பத்திரமா வெச்சிருக்காரு."

யூனிஸுக்கு எழுபத்தொரு வயது. மரத்தடிக்கு நடந்து போய், வேரோடு ஒட்டிக் கிடந்த பந்தைப் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்தாள். கிளம்பும் முன், யாரும் பார்க்காதது போல, அடிமரத்தை மட்டைப் பிடியால் ஒரு தட்டுத் தட்டினாள். ஆர்டித்தும் பார்க்காதது போலவே இருந்தாள்.

வெதர்லி கிளப்பின் வீடு ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது. வெள்ளை மரப்பலகை வீடு. மூன்று பக்கமும் சுற்றி ஓடும் அகலமான வராந்தா. ஒரு காலத்தில் அது வெறும் ஆட்டு மேய்ச்சல் நிலம். ஊரில் அடுப்பு செய்து விற்றவரும், கண்ணாடித் தொழிற்சாலை வைத்திருந்தவரும், பீர் காய்ச்சிய இரண்டு சகோதரர்களும் சேர்ந்து அதை வாங்கி, டன்னட் என்ற ஸ்காட்லாந்துக்காரரை ரயிலில் வரவழைத்தார்கள். டன்னட் ஆடுகளோடு ஆடாக அந்தச் சரிவெல்லாம் நடந்தார். எங்கே ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்தன என்று பார்த்து, அங்கெல்லாம் மணல் பள்ளம் வெட்டச் சொன்னார். வடக்கே ஈரி ஏரி, கடல் போல, கண்ணுக்கு எட்டும் வரை. ஊருக்குத் திரும்பும்முன் அவர் சொன்னது ஒன்றுதான்: "இங்க உங்க எதிராளி காத்து. அதுக்குக் குறுக்கே எதையும் வெச்சிடாதீங்க."

வராந்தாவில் நின்றால் பதினெட்டுக் குழிகளின் பதினெட்டுக் கொடிகளும் தெரியும்படி அவர் அமைத்திருந்தார். அதிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. மே மாதக் கடைசியில் வரும் நினைவு நாளன்று, அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த உறுப்பினரை வராந்தா விளிம்பில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் கொடிகளை எண்ணச் சொல்வார்கள். சத்தமாக எண்ண வேண்டும். தொலைநோக்கி எதுவும் கூடாது. பதினெட்டு என்று முடித்தால் எல்லோருக்கும் முதல் சுற்று விஸ்கி கிளப் செலவில்.

அந்த வராந்தாவை யூனிஸுக்கு இளம் மனைவியாக வந்த நாளிலிருந்தே பிடித்துப் போயிற்று. யாருக்கு எந்த நாற்காலி என்று எங்கும் எழுதியிருக்காது, ஆனால் யாரும் மாறி உட்கார மாட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் சமையலறையிலிருந்து ஏரி மீன் பொரியும் வாசனை முதல் குழி வரை வந்து ஆட்டத்தைக் கெடுக்கும். கீழே ஊரில் ஒருவர் கடையை ஒருவர் விழுங்கப் பார்க்கும் இரண்டு பேர், இங்கே மேலே வந்தால், ஒருவர் தொலைத்த பந்தை இன்னொருவர் முழங்கால் உயரப் புல்லில் குனிந்து தேடிக்கொண்டிருப்பார். அந்தக் குன்றில் ஏறினால் மனிதர்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது என்று யூனிஸ் நினைப்பாள். சாயங்கால வெளிச்சத்தில் சரிவுகளின் நிழல் நீளும்போது, நிலமே மூச்சு விடுவது போலிருக்கும்.

குறையில்லாமல் இல்லை. அவள் ஆறு முறை பெண்கள் கோப்பையை வென்றவள். கூடத்துப் பலகையில் தங்க எழுத்தில் ஆறு முறையும் எழுதியிருப்பது 'மிஸஸ் வெர்னன் ஹாலன்பெக்'. ஜெயித்தது அவள், ஏறியது அவர் பெயர். "ஒரு தடவைகூட மட்டையைத் தொடாம ஆறு கோப்பை வாங்கின ஆளு நான்தான்" என்று வெர்னன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

மரங்கள் வந்தது போருக்குப் பிறகு. திரும்பி வராத பிள்ளைகளுக்காக, கிளப் வாசலுக்கு வரும் பாதையின் இரு பக்கமும் ஓக் கன்றுகள் நட்டார்கள். அதைப் பார்த்து எல்லோருக்கும் மனம் ஆறியது. பிறகு, இறந்துபோகும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு மரம் என்றாயிற்று. அவருக்குப் பிடித்த குழி எதுவோ அங்கே. சரிவெல்லாம் பாசம் முளைத்தது. கொடிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஏரியும் மறைந்தது. நினைவு நாளில் எண்ணியவர்கள் மட்டும் வருடா வருடம் பதினெட்டு என்றே சொல்லிவந்தார்கள். விஸ்கி தாகம்.

ஒரு வருடம் புது உறுப்பினராக வெர்னன் ஹாலன்பெக் விளிம்பில் நின்றார். இன்சூரன்ஸ்காரர். இல்லாததை இருக்கிறது என்று எழுதிப் பழக்கமில்லாதவர். எண்ணினார். மறுபடி எண்ணினார். "பதினொண்ணு" என்றார். பின்னால் கூட்டம் காலிக் கோப்பைகளைக் கையில் பிடித்தபடி நின்றது. அன்று யாருக்கும் இலவச விஸ்கி கிடைக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து எண்ணச் சொல்லும் வழக்கமே நின்றுபோனது.

"கொடி மேல இவ்வளவு அக்கறையா? சரி, மைதானத்தை நீயே பாத்துக்கோ" என்று அவரை மைதானக் கமிட்டியில் தூக்கிப் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு இருபது வருடம், ஒவ்வொரு வசந்தத்திலும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், இறந்தவர்களுக்குக் கன்று நட்டவர் அவர்தான். குழி தோண்டும்போது துயரத்தில் இருக்கும் குடும்பத்தைப் பார்ப்பாரே தவிர, கொடியைப் பார்க்க மாட்டார்.

பந்து வெர்னன் மேல் பட்ட அந்தக் கோடையில் ரூடி பாஷ்கோ அவள் வீட்டுச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். ரூடி ஊரின் பல் டாக்டர். அவர் அப்பா ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த கொத்தனார். கிளப்பின் பெரிய கணப்பு அடுப்பைக் கட்டியவர் அவர்தான். கட்டி முடித்த பிறகு, அதில் எரிந்த நெருப்பை ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்க்க விடப்படாதவர். மகன் உறுப்பினராகச் சேர்ந்து, இப்போது மைதானக் கமிட்டித் தலைவர். கிளப்பிலேயே பிறந்து வளர்ந்தவர்களைவிட ரூடிக்கு அதன் மேல் காதல் அதிகம்.

"காபி ஆறுது, ரூடி. மொதல்ல அந்தப் படத்தை எடு. கோட்டுக்குள்ள எதுக்கு மறைச்சு வெச்சிருக்கே?"

ரூடி அசடு வழிந்து, பழைய புகைப்படத்தை மேஜையில் வைத்தார். வராந்தாவில் தொப்பி வைத்த பெண்கள். அவர்களுக்கு அப்பால் வழுக்கையான, அலை அலையான நிலம். அங்கங்கே வெள்ளைப் புள்ளிகளாகக் கொடிகள். அதற்கும் அப்பால் ஏரி.

"எண்ணிப் பாருங்க. பதினெட்டும் இருக்கு."

"இருக்கு. அழகாத்தான் இருக்கு."

"டன்னட் போட்டது அப்படியே அடியில இருக்கு, யூனிஸ். மேல மூடிக்கிட்டிருக்கிற மரங்களை எடுத்தா போதும். எல்லா வீட்டுக்கும் போய்க் கேட்டுட்டேன். எல்லாரும் சரின்னுட்டாங்க. வாசல்ல இருக்கிற போர்ப் பிள்ளைங்க மரத்தைத் தொட மாட்டோம். பாக்கி இருக்கிறது…"

"வெர்னன்."

"வெர்னன்."

குடும்பத்தார் சம்மதிக்காமல் நினைவு மரத்தை வெட்டக் கூடாது என்பது கிளப்பின் விதி. அந்த விதியை எழுதியவரும் வெர்னன்தான்.

"மத்ததையெல்லாம் வெட்டு, ரூடி. அவரை விட்டுடு."

"அவர் சரியா பதின்மூணாம் கொடிக்கு முன்னாடி நிக்கறாரு."

"உசுரோட இருக்கும்போதும் அங்கதான் நின்னாரு. நான் குழியில பந்தைத் தள்ளக் குனிஞ்சா, எதிர்ல வந்து நின்னுக்கிட்டு 'கொஞ்சம் இடது பக்கமா'ம்பாரு. அந்த மனுஷனுக்கு விளையாடத் தெரியாது. சொல்ல மட்டும் தெரியும்."

ரூடி சிரித்தார். யூனிஸும் சிரித்துவிட்டு, கேக்கை இன்னொரு துண்டு வெட்டி அவர் தட்டில் வைத்தாள்.

"அவர் சட்டையெல்லாம் கொடுத்துட்டேன். காரையும் கொடுத்துட்டேன். அதுக்கெல்லாம் நான் அழல. பிள்ளைங்க ரெண்டு பேரும் போன்ல நான் எதைச் சொன்னாலும் 'சரிம்மா, சரிம்மா'ங்குதுங்க. ஆர்டித்கூட இப்பல்லாம் விட்டுக்கொடுக்கறா. எனக்குக் குறுக்கே நிக்கிற ஒரே ஆளு இந்த ஊர்ல அந்த மரம்தான். அதையும் வெட்டிட்டா நான் யார்கிட்ட போய்ச் சண்டை போடறது?"

ரூடி கேக்கைத் தின்று முடித்தார். பிறகு படத்தை எடுத்து மறுபடி கோட்டுக்குள் வைத்தார்.

"சரி. அவர் நிக்கட்டும்" என்றார். அதன் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

தரை உறைந்த பிறகுதான் வேலை தொடங்கியது. அப்போதுதான் வண்டிகள் ஏறினாலும் புல்வேர் நசுங்காது. ஜனவரி முழுக்க, ஊர் வரைக்கும் ரம்பச் சத்தம் கேட்டது. யூனிஸ் போய்ப் பார்க்கவில்லை. வெட்டிய மரம் கிளப் கணப்பில் எரிந்தது. "இன்னிக்கு யார் எரியறாங்க?" என்று வயதானவர்கள் ஒருவரையொருவர் கேட்டுச் சிரித்துக்கொண்டே குளிர் காய்ந்ததாக ஆர்டித் வந்து சொன்னாள்.

ஏப்ரலில் பனி கரைந்த பிறகு யூனிஸ் முதல் முறையாகக் குன்றேறினாள். வராந்தாவைச் சுற்றி வடக்குப் பக்கம் திரும்பியவள், கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

ஏரி வந்துவிட்டிருந்தது. அத்தனை வருடமாக மரங்களுக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, இப்போது வாசல் வரை வந்து நிற்பது போல. நிலம் அதை நோக்கி மடிப்பு மடிப்பாக இறங்கிப் போனது. ஆயிரம் முறை நடந்த நிலம். அதில் இப்படி ஒரு முதுகெலும்பு இருப்பது அவளுக்குத் தெரியாது. ஏழாம் குழி எட்டாம் குழியைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தது. மேகத்தின் நிழல் ஒன்று ஏரியிலிருந்து கிளம்பி, பதினாறு, நான்கு, ஒன்பது என்று குழி குழியாகத் தாண்டி, படியேறி, அவள் காலணியைத் தொட்டுவிட்டுப் போயிற்று. ஆட்டோடு நடந்த அந்த ஸ்காட்லாந்துக்காரரை யாரோ இப்போதுதான் தனக்கு அறிமுகம் செய்து கை குலுக்க வைத்தது போல அவளுக்கு இருந்தது.

இவ்வளவு வெட்டவெளியின் நடுவில், தனியாக, வெர்னன் நின்றார்.

மரங்களை வெட்டுவதற்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே கிளப்பின் விதி ஒன்று மாறியிருந்தது. பெண்கள் இனி கணவர் பெயரில் அல்ல, தங்கள் பெயரிலேயே உறுப்பினராகலாம். யூனிஸ் மறுநாளே கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பிறகு வேறு யாரும் சேரவில்லை. ஆகவே நினைவு நாளன்று வராந்தாவில் எல்லோரும் கூடியபோது, ரூடி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"பழைய வழக்கத்தை இன்னிக்கு மறுபடி ஆரம்பிக்கிறோம். எண்ண வேண்டியது புது உறுப்பினர். வாங்க, மிஸஸ்… இல்ல. வாங்க, யூனிஸ் ஹாலன்பெக்!"

"நாப்பது வருஷமா இங்க மீன் தின்னுட்டு இப்பதான் புது ஆளாம்!" என்று ஆர்டித் கத்த, எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள்.

யூனிஸ் விளிம்புக்குப் போனாள். காற்று தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது. ஒன்று, இரண்டு என்று தொடங்கினாள். கூட்டமும் முணுமுணுப்பாகக் கூடவே எண்ணியது. வெள்ளைக் கொடிகள் ஒவ்வொன்றும் பெயர் கூப்பிட்டதற்குக் கை தூக்குவது போல அசைந்தன. பன்னிரண்டு வரை வந்தாள்.

மேப்பிள் மரம் முழுதாகத் தழைத்து நின்றது. ஏப்ரலில் மொட்டைக் கிளைகளின் ஊடே கொஞ்சம் வெள்ளை தெரிந்திருந்தது. இப்போது பச்சையைத் தவிர ஒன்றுமில்லை.

அவள் நிறுத்தியதைக் கண்டு முதலில் பேசியது ரூடிதான்.

"பதின்மூணு அதோ, யூனிஸ். இலைக்கு நடுவுல வெள்ளையா தெரியுது பாருங்க."

"ஆமா ஆமா, எனக்கும் தெரியுது!" என்றார் இரண்டு கண்ணிலும் புரை விழுந்த வங்கி மேனேஜர்.

"அது கொடி இல்லய்யா, கடல்காக்கா."

"கொடிதான்! காக்கா அசையும்."

"கொடியும் அசையும்ல?"

"நீ சும்மா இரு. யூனிஸ், எனக்கு நல்லாத் தெரியுது. நீ எண்ணு."

வராந்தா முழுவதும் சத்தியம் செய்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தவர்களுக்கும் தெரிந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரிந்தது. யூனிஸ் திரும்பி அவர்கள் முகங்களைப் பார்த்தாள். யார் கையிலும் கோப்பை இல்லை. விஸ்கிக்காக யாரும் பொய் சொல்லவில்லை. குளிர்காலம் முழுக்க அந்தப் பதினெட்டுக் கொடிகளுக்காகப் பாடுபட்டவர்கள், அவளுக்கு அவள் மரம் இருக்கட்டும் என்று, தங்கள் கொடியை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரூடியின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. காற்றினாலும் இருக்கலாம்.

'சரிம்மா, சரிம்மா' என்று இவர்களும் சேர்ந்துவிட்டார்களே என்று அவளுக்குத் தோன்றியது.

இதே இடத்தில் நின்று, இதே கூட்டத்தின் முன், பதினொன்று என்று சொன்ன ஒரு மனிதனை அவள் நினைத்துப் பார்த்தாள். அன்று அவள் அந்தத் தூணோரம் நின்றிருந்தாள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. காரில் போகும்போது, "பதினெட்டுன்னு சொன்னா வாய் வலிக்குமா உனக்கு?" என்று சண்டை பிடித்தாள். "இல்லியே யூனிஸ். இல்லாததை எப்படி எண்றது?" என்று அவர் திருப்பித் திருப்பி அதையே சொன்னார்.

அவள் மறுபடி திரும்பிக்கொண்டாள்.

"பதினாலு" என்று பதினான்காம் குழியைக் காட்டினாள். "பதினஞ்சு. பதினாறு. பதினேழு. பதினெட்டு. இதுல ஒண்ணைக் கழிச்சுக்கோங்க. பதின்மூணு எனக்குத் தெரியல. உங்க யாருக்கும் தெரியல. ஆக மொத்தம் பதினேழு."

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"பொய்யா எண்ணினா அவர் எந்திரிச்சு வந்துடுவாரு" என்றாள் யூனிஸ். "ரூடி, தரை எப்ப உறையும்?"

ரூடிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "டிசம்பர்… ஜனவரி. யூனிஸ், ஒண்ணும் அவசியமில்ல. நான் சத்தியமாச் சொல்றேன்…"

"அவசியம் இருக்குன்னு நான் சொன்னேனா? தரை எப்பன்னுதான் கேட்டேன். அதுவரைக்கும் எனக்கு இந்தக் கோடை முழுசா இருக்கு. அவர்கிட்ட சொல்ல வேண்டியது நிறைய பாக்கி." பிறகு, "யாருக்கும் இலவச விஸ்கி கிடையாது. என்னைத் திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க" என்றாள்.

"உன் புருஷனே தேவலைடி!" என்று ஆர்டித் கத்தினாள்.

அந்தக் கோடையில் செவ்வாய்க்கிழமைதோறும் வெர்னன் நன்றாகத் திட்டு வாங்கினார். பந்து படாத நாளிலும் யூனிஸ் சுற்றிக்கொண்டு போய்த் திட்டினாள். பின்னால் வரும் ஆட்டக்காரர்கள் அவசரப்படுத்தாமல் புல்லில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

மறு வசந்தத்தில், முதல் செவ்வாய்க்கிழமை, யூனிஸும் ஆர்டித்தும் பதின்மூன்றாம் குழிக்குப் பந்தடிக்கும் மேடையில் ஏறினார்கள். எதிரே ஒன்றுமில்லை. கொடி, அதற்குப் பின்னால் ஏரி. மரம் இருந்த இடத்தில் புதுப் புல் கொஞ்சம் வெளிர் நிறத்தில் வட்டமாக முளைத்திருந்தது.

"என்ன, கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கறே? அடி" என்றாள் ஆர்டித்.

யூனிஸ் அடித்தாள். இருபது வருடத்தில் அவள் அடித்த மிக நல்ல அடி. பந்து கொடியைப் பார்த்து நேராகப் போயிற்று. மரம் நின்ற இடத்தை அது தாண்டியபோது, ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து அதைத் தோளில் தட்டியது. பந்து மெல்ல, மரியாதையாக, இடது பக்கமாக விலகிப் போய், டன்னட்டின் மணல் பள்ளம் ஒன்றில் இறங்கியது.

இருவரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

"இப்ப யாரைத் திட்டுவே?" என்றாள் ஆர்டித்.

யூனிஸ் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த வெளிர்ந்த புல்வட்டத்தையே பார்த்தாள். சிரிப்பு அவளுக்கு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

"அவரைத்தான். வேற யாரை? இத்தனை வருஷமா எனக்குக் காத்தை மறைச்சுக்கிட்டு நின்னிருக்காரு. ஒரு வார்த்தை சொன்னாரா பாரு!"

மணலிலிருந்து பந்தைக் கிளப்பும் மட்டையை உருவி எடுத்துக்கொண்டு அவள் பள்ளத்தை நோக்கி இறங்கி நடந்தாள், வழியெல்லாம் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டே.